நிரல், நினைவகத்திலிருந்து ஓர் உறுப்பை எடுப்பது எப்படி: முகவரிக் கணக்குக்கு முழுமையான வழிகாட்டி

ஓர் அணியில் (ஒரே வகை மதிப்புகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்த வரிசையில்) பத்து எண்கள் இருந்தாலும் பத்துக் கோடி எண்கள் இருந்தாலும், நடுவிலிருந்து ஒன்றை எடுக்க நிரலுக்குத் தேவைப்படுவது ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்தான். எங்கும் தேடல் கிடையாது. அந்த எண் எந்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு ப்ராசஸர் நேரே அங்கே போகிறது. இந்தக் கணக்கைக் கையால் போடப் பழகிவிட்டால், நிரல் ஏன் நடுவில் விழுந்தது, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு லூப்களில் ஒன்று ஏன் பல மடங்கு மெதுவாக ஓடுகிறது போன்ற கேள்விகளுக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். அதனால் வாசிக்கும்போது ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசி வரைக்கும் ஒரே அணியை வைத்துக்கொள்வோம். முழு எண்கள் கொண்ட அணி, ஒவ்வொன்றுக்கும் 4 பைட், தொடங்கும் முகவரி 20400. நிஜ முகவரிகள் இதைவிடப் பெரியவை, பெரும்பாலும் பதினாறு நிலை எண்முறையில் எழுதப்படுபவை. கணக்கு வசதிக்காக நாம் சாதாரணப் பத்து நிலை எண்களிலேயே போவோம்.

படி 1: முகவரி எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை

நிரலின் பார்வையில் நினைவகம் என்பது 0, 1, 2 என்று வரிசையாக எண்ணிடப்பட்ட பைட்டுகள். அந்த எண்தான் முகவரி. பைட்டுக்குக் கீழே முகவரி இல்லை. ஒரே ஒரு பிட்டை (பைட்டுக்குள் இருக்கும் ஒரு 0 அல்லது 1) மாற்ற வேண்டுமென்றாலும், அது இருக்கும் பைட்டை முழுதாக எடுத்து, பிட்டை மாற்றி, மறுபடி முழுதாக எழுத வேண்டும்.

எல்லாக் கணினிகளும் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. 36 பிட் கொண்ட 'சொற்களுக்கு' (இயந்திரம் ஒரே தடவையில் கையாளும் பிட் தொகுப்புகளுக்கு) மட்டுமே முகவரி தந்த இயந்திரங்கள் பல இருந்தன. ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைதான் 8 பிட் பைட்டையும் பைட்டுக்கு ஒரு முகவரி என்ற முறையையும் பரவலாக நிலைநிறுத்தியது.

முகவரியும் ஓர் எண் என்பதால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. 32 பிட் நிரலால் 4 ஜிபிக்கு மேல் ஒரே நேரத்தில் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். 64 பிட் ப்ராசஸர் என்றதும் 64 பிட்டும் முகவரிக்குப் பயன்படுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் நெடுங்காலமாக 48 பிட்தான் உண்மையில் வேலை செய்கிறது. அதுவே 256 டெராபைட்டுக்குப் போதும்.

படி 2: அந்த இடத்தில் இருப்பதை எப்படிப் படிப்பது

முகவரி மட்டும் போதாது. அங்கிருந்து எத்தனை பைட் எடுக்க வேண்டும், எடுத்ததை என்னவாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் தெரிய வேண்டும். சி போன்ற மொழிகளில் தரவு வகை சொல்வது இதைத்தான். நினைவகத்தில் இருக்கும் பைட்டுகளுக்குத் தாங்கள் எழுத்தா, எண்ணா, வேறொன்றின் முகவரியா என்று எதுவும் தெரியாது.

பல பைட் கொண்ட எண்களில் வரிசையும் முக்கியம். 1000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 3 × 256 + 232. நம் அணியின் முதல் உறுப்பு 1000 என்றால், 20400-இல் 232, 20401-இல் 3, மீதி இரண்டிலும் 0 இருக்கும். சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் இந்த முறையை லிட்டில் எண்டியன் என்கிறோம். இன்றைய மேசைக் கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் இப்படித்தான். இணைய நெறிமுறைகளின் தலைப்புப் பகுதிகளில் இதற்கு நேரெதிராக 0, 0, 3, 232 என்று போகும். ஒரு கோப்பையோ நெட்வொர்க் பாக்கெட்டையோ பைட் பைட்டாகப் பிரித்துப் பார்க்கும்போது எண்கள் அபத்தமாகத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வரிசையைத்தான்.

படி 3: அணியின் அடிப்படைச் சூத்திரம்

உறுப்பின் முகவரி = தொடக்க முகவரி + சுட்டெண் × ஓர் உறுப்பின் அளவு

நம் அணியில் சுட்டெண் 25 உள்ள உறுப்பு வேண்டும். 20400 + 25 × 4 = 20500. அவ்வளவுதான். சுட்டெண் பூஜ்யத்தில் தொடங்குவது ஏன் என்பதும் இங்கேயே தெரிகிறது. அது 'எத்தனையாவது' என்பதைச் சொல்வதில்லை, தொடக்கத்திலிருந்து எத்தனை உறுப்பு தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. முதல் உறுப்பு பூஜ்யம் தள்ளி இருக்கிறது. ஃபோர்ட்ரான் போல 1-இல் தொடங்கும் மொழிகளில் கம்பைலர் (நாம் எழுதும் நிரலை ப்ராசஸரின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) அந்த ஒன்றைக் கணக்கில் கழித்துக்கொள்கிறது.

இந்தச் சூத்திரம் இன்று ப்ராசஸருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் ஒரே கட்டளையிலேயே 'இந்த ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) உள்ள தொடக்கம், அந்த ரெஜிஸ்டரில் உள்ள சுட்டெண்ணை 1, 2, 4 அல்லது 8-ஆல் பெருக்கியது, அத்தோடு ஒரு நிலையான எண்' மூன்றையும் கூட்டி அந்த இடத்திலிருந்து படிக்கச் சொல்ல முடியும். அந்த நான்கு பெருக்கெண்களும் சும்மா வந்தவை அல்ல, அடிப்படைத் தரவு வகைகளின் அளவுகள் அவை.

இந்த வசதி இல்லாத காலமும் இருந்தது. 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் முதலில் சுட்டெண் ரெஜிஸ்டரே கிடையாது. அணியில் அடுத்த உறுப்புக்குப் போக, படிக்கும் கட்டளைக்குள் எழுதியிருக்கும் முகவரியையே நிரல் தானே கூட்டித் திருத்தி, மறுபடி அதே கட்டளையை ஓட்டும். அதே ஆண்டுகளில் மான்செஸ்டர் மார்க் 1 கணினியில் 'பி' ரெஜிஸ்டர் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். கட்டளையில் உள்ள முகவரியோடு அதன் மதிப்பு ஓடும்போதே கூடிக்கொள்ளும், கட்டளையைத் தொட வேண்டியதில்லை. இன்று நாம் யோசிக்காமல் எழுதும் ஒவ்வொரு சதுர அடைப்புக்குறிக்குப் பின்னாலும் அந்தக் கண்டுபிடிப்பு இருக்கிறது. கணினி வரலாற்றில் இதற்கு இன்னும் அதிக மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 4: இரண்டு பரிமாணம்

நினைவகத்துக்கு ஒரே பரிமாணம்தான். 3 வரிசை, 4 நெடுவரிசை கொண்ட அட்டவணையை அதில் வைக்க, ஏதோ ஒரு முறையில் நீட்டிப் படுக்க வைத்தாக வேண்டும். சி மொழி வரிசை வரிசையாக அடுக்குகிறது:

முகவரி = தொடக்கம் + (வரிசை எண் × ஒரு வரிசையில் உள்ள உறுப்புகள் + நெடுவரிசை எண்) × அளவு

வரிசை 2, நெடுவரிசை 1 என்றால் 20400 + (2 × 4 + 1) × 4 = 20436. ஃபோர்ட்ரான் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கும். அதே இடத்தை அந்த முறையில் பார்த்தால் 20400 + (1 × 3 + 2) × 4 = 20420. ஒரு மொழியில் எழுதிய கணித நூலகத்தை இன்னொரு மொழியிலிருந்து அழைக்கும்போது அணி வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறித் திரும்பிப் போய் நிற்பது இதனால்தான்.

பைத்தானின் நம்பை நூலகம் இதை அழகாகப் பொதுமைப்படுத்துகிறது. ஒவ்வொரு பரிமாணத்திலும் ஓர் அடி எடுத்து வைத்தால் எத்தனை பைட் நகர வேண்டும் என்ற எண்ணைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. வரிசைக்கு 16 பைட், நெடுவரிசைக்கு 4 பைட் என்பது போல. அணியைத் திருப்பிப் போடச் சொன்னால் இந்த இரண்டு எண்களை மட்டும் இடம் மாற்றிவிடும். தரவில் ஒரு பைட்கூட நகராது. நூறு கோடி உறுப்புகள் உள்ள அணிக்கும் இதே வேலைதான்.

படி 5: ஸ்ட்ரக்சர்

வெவ்வேறு வகைத் தரவுகளை ஒன்றாகக் கட்டி வைப்பதுதான் ஸ்ட்ரக்சர். அதில் ஒவ்வொரு புலத்துக்கும் (உள்ளே இருக்கும் ஒவ்வொரு தரவுக்கும்) தொடக்கத்திலிருந்து ஒரு நிலையான தூரம் உண்டு. கம்பைல் ஆகும்போதே அது முடிவாகிவிடும். ஆனால் அந்தத் தூரம் நீங்கள் மனத்தில் கூட்டிய தொகையாக இருக்க வேண்டியதில்லை. 8 பைட் எண் 8-ஆல் வகுபடும் முகவரியிலும், 4 பைட் எண் 4-ஆல் வகுபடும் முகவரியிலும் இருக்கும்படி கம்பைலர் நடுவில் வெற்றுப் பைட்டுகளை விடும்.

1 பைட் எழுத்து, 8 பைட் பின்ன எண், 4 பைட் முழு எண் என்ற வரிசையில் எழுதுங்கள். புலங்களின் கூட்டுத்தொகை 13. ஆனால் வழக்கமான 64 பிட் கம்பைலர்களில் எழுத்து 0-இலும், பின்ன எண் 8-இலும், முழு எண் 16-இலும் உட்காரும். அணியில் அடுத்தடுத்து வைக்கும்போதும் இந்த ஒழுங்கு குலையாமல் இருக்க முடிவிலும் இடம் விட்டு, மொத்தம் 24 பைட் ஆகும். இதையே பின்ன எண், முழு எண், எழுத்து என்று மாற்றி எழுதினால் 16 பைட்டில் முடிந்துவிடும். பத்து லட்சம் பதிவுகள் என்றால் 80 லட்சம் பைட் மிச்சம், மூன்று வரிகளை இடம் மாற்றியதற்கு.

இப்போது இரண்டு சூத்திரங்களையும் சேருங்கள். 24 பைட் ஸ்ட்ரக்சர்களின் அணி 20400-இல் தொடங்குகிறது, சுட்டெண் 10-இல் உள்ள பதிவின் முழு எண் வேண்டும்: 20400 + 10 × 24 + 16 = 20656.

படி 6: பாயிண்டர்

பாயிண்டர் என்பது முகவரியைத் தன் மதிப்பாக வைத்திருக்கும் மாறி. 64 பிட் கணினியில் அதற்கே 8 பைட் வேண்டும், அதற்கும் ஒரு முகவரி உண்டு. சி-யில் & குறி 'இதன் முகவரியைக் கொடு' என்கிறது, * குறி 'இந்த முகவரிக்குப் போய் அங்கிருப்பதைக் கொடு' என்கிறது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் கூட்டல். 20400-ஐ வைத்திருக்கும் முழு எண் பாயிண்டரோடு 1 கூட்டினால் 20401 வராது, 20404 வரும். படி 3-இன் பெருக்கலைக் கம்பைலர் தானே செய்துவிடுகிறது. சி-யில் சதுர அடைப்புக்குறி என்பதே இந்தக் கூட்டலும் * குறியும் சேர்ந்த சுருக்கம்தான்.

பாயிண்டர் வந்ததும் கணக்கின் தன்மை மாறுகிறது. அணியில் ஆயிரமாவது உறுப்பின் முகவரியை உடனே சொல்லிவிடலாம். ஒவ்வொரு உறுப்பும் (முடிச்சு) அடுத்ததன் முகவரியைத் தன்னிடம் வைத்திருக்கும் இணைப்புப் பட்டியலில் அது முடியாது. முதல் முடிச்சைப் படித்தால்தான் இரண்டாவதன் முகவரி தெரியும், இரண்டாவதைப் படித்தால்தான் மூன்றாவது. பைத்தானின் சாதாரணப் பட்டியல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே அது 8 பைட் பாயிண்டர்களின் அணி. சூத்திரப்படி ஒரு தாவலில் பாயிண்டர் கிடைக்கும், அப்புறம் இன்னொரு தாவலில் எண் இருக்கும் பொருளுக்குப் போக வேண்டும். 64 பிட் சிபைத்தானில் (பைத்தானின் வழக்கமான செயலாக்கத்தில்) 1 என்ற எண்ணின் பொருளே 28 பைட் எடுத்துக்கொள்கிறது. நம்பை அணி பைத்தான் பட்டியலைவிட வேகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 7: தொடக்க முகவரி எங்கிருந்து வருகிறது

எல்லாச் சூத்திரமும் 'தொடக்கம்' என்று ஆரம்பிக்கிறது. அது மூன்று வழிகளில் வரும். ஃபங்ஷனுக்குள் அறிவித்த மாறிகள் ஸ்டேக்கில் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான தற்காலிக நினைவகப் பகுதியில்) இருக்கும், அதன் நுனியைச் சுட்டும் ஸ்டேக் பாயிண்டரிலிருந்து இத்தனை பைட் தள்ளி என்று கம்பைலர் குறித்துவைக்கும். பொது மாறிகளின் இடம் நிரல் ஏற்றப்படும்போதே முடிவாகும். ஓடும்போது கேட்டு வாங்கும் இடம் ஹீப்பில் கிடைக்கும், அதன் முகவரி ஒரு பாயிண்டரில் வந்து சேரும், அதைத் தொலைத்தால் இடமும் தொலைந்தது. ஸ்டேக்கில் உள்ள மாறியின் முகவரியை ஃபங்ஷனிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் அடுத்த அழைப்புக்குப் போய்விடும்.

படி 8: நீங்கள் பார்க்கும் முகவரி நிஜ முகவரி அல்ல

இதுவரை போட்ட கணக்கில் வந்த 20500 என்பது மெய்நிகர் முகவரி. மெமரி சிப்பில் 20500 என்ற இடத்துக்கு அது போவதில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் தனி முகவரி வெளி இருக்கிறது, அதை நிஜ நினைவகத்தோடு பொருத்துவது ஆபரேட்டிங் சிஸ்டமும் ப்ராசஸரும் சேர்ந்து செய்யும் வேலை. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி இந்த முறைக்கு வழிகாட்டியது.

முகவரி வெளி பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பக்கம் பல கணினிகளில் 4096 பைட். 20500-ஐ 4096-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 20. அதாவது 5-ஆம் பக்கத்தில் 20 பைட் தள்ளி. எந்தப் பக்கம் எங்கே என்று குறித்துவைத்திருக்கும் பக்க அட்டவணை, 5-ஆம் பக்கம் நிஜ நினைவகத்தின் 812-ஆம் சட்டத்தில் (ஒரு பக்கம் அளவுள்ள துண்டில்) இருப்பதாகச் சொன்னால், நிஜ முகவரி 812 × 4096 + 20 = 3,325,972.

நம் அணியில் இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. 5-ஆம் பக்கம் 20480-இல் தொடங்குகிறது. 20400-இலிருந்து எண்ணினால் சுட்டெண் 19 வரை 4-ஆம் பக்கத்தில், 20 முதல் 5-ஆம் பக்கத்தில். 4-ஆம் பக்கம் 97-ஆம் சட்டத்தில் இருந்தால், சுட்டெண் 19-இன் நிஜ முகவரி 97 × 4096 + 4092 = 401,404. அதற்கு அடுத்த உறுப்போ 812-ஆம் சட்டத்தின் தொடக்கமான 3,325,952-இல் இருக்கிறது. நிரலுக்கு அடுத்தடுத்துத் தெரியும் இரண்டு எண்கள் சிப்பில் வெகு தூரத்தில் இருக்கலாம். சூத்திரம் உடையாமல் இருப்பது இந்த மொழிபெயர்ப்பால்தான்.

பக்க அட்டவணையும் நினைவகத்தில்தான் இருக்கிறது. 48 பிட் முகவரியில் கடைசி 12 பிட் பக்கத்துக்குள் தூரம், மீதி 36 பிட் ஒன்பது ஒன்பதாகப் பிரிந்து நான்கு அடுக்கு அட்டவணைகளுக்குச் சுட்டெண் ஆகிறது. ஒரு தடவை படிக்க நான்கு தடவை படிப்பது கட்டுப்படியாகாது. அதனால் அண்மையில் பார்த்த பொருத்தங்களை டிஎல்பி என்ற சிறு கேஷில் (தனக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிகச் சேமிப்பில்) ப்ராசஸர் வைத்துக்கொள்கிறது.

இந்த அறிவு நேரடியாகப் பயன்படும் ஓர் இடம்: நிரல் விழுந்து, தவறிய முகவரி 16 என்று டீபக்கர் (நிரலின் பிழையைத் தேட உதவும் கருவி) காட்டினால், அது பெரும்பாலும் எதையும் சுட்டாத, மதிப்பு பூஜ்யமான வெற்றுப் பாயிண்டர். பூஜ்யத்தில் இருப்பதாக எண்ணிய ஸ்ட்ரக்சரில் 16 பைட் தள்ளியுள்ள புலத்தைத் தொட்டிருக்கிறது. படி 5-இல் அந்தத் தூரத்தில் எந்தப் புலம் இருந்தது என்று பார்த்தால், எந்த வரி என்பதே தெரிந்துவிடும்.

படி 9: கணக்கு ஒன்றுதான், காத்திருப்பு ஒன்றல்ல

முகவரி கிடைத்த பிறகு தரவு வந்து சேர ஆகும் நேரம் அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் நிலை கேஷில் இருந்தால் ப்ராசஸர் கடிகாரத்தின் நாலைந்து சுழற்சிகளில் வந்துவிடும். முதன்மை நினைவகம் வரை போக வேண்டுமென்றால் நூறு நானோ வினாடி அளவில் ஆகலாம். அதற்குள் ப்ராசஸர் நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்திருக்கும்.

கேஷ் பைட் பைட்டாக எடுத்து வராது. பல ப்ராசஸர்களில் 64 பைட் கொண்ட வரிகளாக எடுக்கும். 20500-ஐக் கேட்டால் 20480 முதல் 20543 வரை முழுவதும் வரும், அதாவது சுட்டெண் 20 முதல் 35 வரை. ஒன்றுக்குக் காத்திருந்தால் பதினாறு கிடைக்கிறது. வரிசையாகப் போனால் அடுத்த பதினைந்தும் தயாராக இருக்கும். அடுத்து எந்த வரி வேண்டும் என்பதைப் ப்ராசஸர் முன்கூட்டியே ஊகித்தும் எடுத்து வைக்கும்.

இப்போது 10,000 × 10,000 முழு எண் அட்டவணை ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம், சி-யில். வரிசைவாரியாகப் போனால் ஒவ்வொரு தாவலும் 4 பைட். லூப்களை இடம் மாற்றி நெடுவரிசைவாரியாகப் போனால் ஒவ்வொரு தாவலும் 40,000 பைட். ஒவ்வொரு தடவையும் புதுக் கேஷ் வரி, அதில் 64-க்கு 4 பைட் மட்டும் பயன். தாவல் ஒரு பக்கத்தைவிடப் பெரியது என்பதால் டிஎல்பியும் திணறும். விடை அதே, கூட்டல்களின் எண்ணிக்கை அதே. ஆனால் கைக்கடிகாரத்திலேயே வித்தியாசம் தெரியும். வேகம் போதவில்லை என்று வந்தால் எந்தக் கணிதத் தந்திரத்துக்கும் முன்னால் உள்லூப் எத்தனை பைட் தாவுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

படி 10: எல்லையை யார் பார்ப்பது

சூத்திரத்துக்கு அணி எங்கே முடிகிறது என்று தெரியாது. நம் அணியில் 100 உறுப்புகள் என்றால் கடைசியானது 20796-இல். சுட்டெண் 100 கொடுத்தால் 20800 என்று விடை வரும், சி அதைப் படித்தும் விடும். −1 கொடுத்தால் 20396. அங்கே என்ன இருக்கிறதோ அது உங்கள் எண் போலவே தோற்றமளிக்கும். ஜாவா, பைத்தான், ரஸ்ட் மொழிகள் சுட்டெண்ணை நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எல்லை தாண்டினால் நிறுத்திவிடும். பைத்தானில் −1 கடைசி உறுப்பு என்று வேறு பொருள் தருவதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த ஒப்பீட்டைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் வெளியான ஹார்ட்பிளீட் குறை ஓர் உதாரணம். இணையத் தொடர்பை ரகசியமாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில், எதிர்முனை தான் அனுப்பிய தரவின் நீளம் என்று சொன்ன எண்ணைச் சரிபார்க்காமல் அத்தனை பைட்டையும் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பைட் அனுப்பிவிட்டுப் பெரிய எண்ணைச் சொன்னால், ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை பக்கத்து நினைவகம் வெளியே போனது. அதில் கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் இருக்கக்கூடும்.

படி 11: உங்கள் கணினியில் பார்த்துவிடுங்கள்

சி-யில் ஒரு சிறு அணியை உருவாக்கி, லூப் போட்டு ஒவ்வொரு உறுப்பின் முகவரியையும் & குறியால் எடுத்து அச்சிடுங்கள். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம் உறுப்பின் அளவுக்குச் சமமா என்று பாருங்கள். நிரலை மறுபடி ஓட்டினால் முகவரிகள் மாறியிருக்கும். தாக்குபவர்கள் ஊகிக்கக் கூடாது என்பதற்காக ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டுமென்றே இடத்தை மாற்றுகிறது. வித்தியாசங்கள் மட்டும் மாறாது. லினக்ஸில் ஜிடிபி டீபக்கருக்குள் ஓட்டினால் இந்த மாற்றம் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும், எனவே கையால் கணக்கிட்டு ஒப்பிட அதுவே வசதி.

அடுத்து, படி 5-இன் ஸ்ட்ரக்சரை இரண்டு வரிசையிலும் எழுதி அளவை அச்சிடுங்கள். பிறகு அணியின் எல்லையை வேண்டுமென்றே தாண்டிப் படியுங்கள், முதலில் சாதாரணமாக, பின்பு ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலரில் அட்ரஸ் சானிடைசரை (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவியை) இயக்கி. முதல் தடவை சத்தமில்லாமல் ஏதோ ஓர் எண் வரக்கூடும். இரண்டாவது தடவை நிரல் நின்று, எந்த வரியில் எத்தனை பைட் தாண்டினீர்கள் என்று காட்டும். அந்தக் கருவி ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, தொடலாமா கூடாதா என்று அதில் குறித்துக்கொள்கிறது. நிழல் பைட் இருக்கும் இடத்தை அது கண்டுபிடிக்கும் சூத்திரம்: முகவரி ÷ 8 + ஒரு நிலையான எண்.